நீதிமன்றத்தைச் சுற்றிப் பார்க்கும்போது படம் எடுக்கலாமா?

கேள்வி: மாணவர்களை நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்துச் செல்கிறோம். வழிகாட்டி அனுமதிக்கும் இடங்களில் மட்டும் படம் எடுக்கலாம் என்கிறார்கள். எங்களைப் படமெடுத்து வெளியிட இசைவு கேட்டு ஒரு படிவமும் வந்திருக்கிறது. அதில் கையெழுத்திட்டே ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு அனுமதிகள் கலந்திருக்கின்றன. இடத்தைப் படமெடுக்க நிர்வாகம் அனுமதி தரலாம். ஆனால் அங்கே நிற்கும் மனிதரின் சார்பில் இசைவு தர நிர்வாகத்தால் முடியாது.

சாட்சிகளும் வழக்காடிகளும் அச்சமின்றி வந்து போக வேண்டும் என்பதே நீதிமன்றக் கட்டுப்பாடுகளின் முக்கிய நோக்கம். இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, நீதிபதி, ஜூரி, சாட்சி, வழக்காடி ஆகியோரைப் படமெடுப்பதை விசாரணைக் கூடத்தில் மட்டுமின்றிக் கட்டடத்திலும் அதன் வளாகத்திலும் தடைசெய்கிறது. வெளியிடும் நோக்கில் அங்கே அமர்ந்து ஓவியம் தீட்டவும் கூடாது என்பதால், ஓவியர்கள் பார்த்ததை நினைவில் வைத்து வெளியே வந்துதான் வரைகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடக்கையில் படமெடுப்பதைக் குற்றவியல் நடைமுறை விதி 53 தடுக்கிறது. ஒலிப்பதிவுக்குத் தனி விதிகள் உண்டு என்பதால், படத்துக்குக் கிடைத்த அனுமதியைக் காணொளிக்கும் கிடைத்ததாகக் கொள்ளாதீர்கள்.

விசாரணை நடக்காத காலிக் கூடத்தைவிடத் தாழ்வாரத்தில்தான் தவறுகள் அதிகம் நேர்கின்றன என்பது என் கணிப்பு. ஒரு மாணவர் கதவருகே நின்று செல்ஃபி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தோளுக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு பெண் குழந்தையோடு காத்திருக்கிறார். பக்கத்துச் சுவரில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. பெண்ணின் முகத்தை மங்கலாக்கினாலும், பட்டியலில் உள்ள பெயரும் படத்தின் தேதியும் சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ஆகவே சுவர், பலகை, கண்ணாடிக் கதவின் பிரதிபலிப்பு ஆகியவற்றையும் பார்த்த பிறகே படமெடுக்கச் சொல்லுங்கள். சோதனை வாயிலையும் கண்காணிப்புக் கேமராக்களையும் படமெடுக்கவே வேண்டாம்.

இனிப் படிவத்துக்கு வருவோம். சுற்றிப் பார்ப்பதற்கான அனுமதியையும் படத்தை வெளியிடுவதற்கான இசைவையும் ஒரே கையெழுத்தில் முடிச்சுப் போடுவது முறையாகாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, இசைவு சுதந்திரமாகத் தரப்பட வேண்டும் என்பதோடு, தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதிமுறை உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் அந்த அளவுகோலை வைத்துப் படிவத்தைப் படியுங்கள்: படம் எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும், பெயரும் இடம்பெறுமா, இசைவைத் திரும்பப் பெற யாருக்கு எழுத வேண்டும்? அச்சில் போன படத்தை மீட்க முடியாது என்பதால் அச்சு வெளியீட்டுக்குத் தனியாக இசைவு கேட்கச் சொல்வது நல்லது.

மாணவர்கள் சட்டப்படி சிறார்களானால் பெற்றோரே கையெழுத்திட வேண்டும். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்திடாதீர்கள். மறுப்பவரிடம் எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்க வேண்டாம், அவருடைய குடும்பத்துக்கே ஒரு வழக்கு இருக்கலாம். குழுப் படத்தின்போது அவர் எங்கே நிற்பார் என்பதை வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

எடுத்த படத்தை அழிக்கும்படி அலுவலர் சொன்னால், வாதிடாமல் அவர் எதிரிலேயே அழிக்கச் செய்யுங்கள். பல கைபேசிகளில் அழித்த படம் சில வாரங்கள் குப்பைத்தொட்டியிலேயே கிடக்கும் என்பதால் அங்கிருந்தும் நீக்க வேண்டும்.