துப்பாக்கியிலிருந்து வில்லுக்கு: மான் வேட்டையில் மாற வேண்டிய பழக்கங்கள்

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று ஆண்டுகளாகத் துப்பாக்கிப் பருவத்தில் (துப்பாக்கியால் வேட்டையாட அனுமதியுள்ள காலத்தில்) மட்டும் மான் வேட்டைக்குச் செல்கிறேன். இவ்வாண்டு காம்பவுண்ட் வில் (கப்பிகள் பொருத்திய நவீன வில்) வாங்கியிருக்கிறேன். வழக்கமான இடத்தில், வழக்கமான முறையில் அமர்ந்தால் போதுமா?

பதில்: போதாது. மிச்சிகனில் வில் பருவம் நெடுங்கால வழக்கப்படி அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரையிலும், பின்னர் டிசம்பரிலும் நடக்கிறது. இடையில் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம். அக்டோபரில் காடு அமைதியாக இருப்பதால், வெண்வால் மான் பகலில் படுத்திருக்கும் புதருக்கும், ஓக் கொட்டைகள் உதிரும் இடத்துக்கும், அறுவடையான மக்காச்சோள வயலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரே தடத்தில் போய்வருகிறது. அந்தத் தடத்தைக் கண்டுபிடிப்பதே வில் வேட்டைக்காரரின் முதல் வேலை. நவம்பர் 15 அன்று லட்சக்கணக்கானோர் காட்டுக்குள் நுழைந்ததும் அந்த ஒழுங்கு குலைந்து, மான்கள் சதுப்பு நிலத்துத் தேவதாருக் கூட்டங்களில் ஒடுங்கி, இரவில்தான் அதிகம் நடமாடுகின்றன. ஆகவே துப்பாக்கிப் பருவத்தில் மானின் பழக்கத்தைவிட மற்ற வேட்டைக்காரர்கள் எந்த வழியாக வருவார்கள், எப்போது உணவுக்கு எழுந்து போவார்கள் என்பதையே கணக்கிட வேண்டியிருக்கிறது.

அடுத்தது தொலைவு. துப்பாக்கியால் நூறு மீட்டருக்கு அப்பாலும் சுடலாம். புதிதாக வில்லெடுப்பவர் இருபது மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவ்வளவு அருகில் காற்று உங்கள் வாடையை மானிடம் கொண்டுபோனால் அன்றைய வேட்டை முடிந்தது. காற்றுத் திசைக்கேற்ப மாறி அமர இரண்டு பரண்களாவது வேண்டும். மானின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில்தான் நாணை இழுக்க வேண்டும்.

அம்பு நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் பறக்கிறது. ஒலியோ சுமார் 340 மீட்டர் செல்கிறது. இருபது மீட்டரில் நாணோசை முந்திச் சென்றுவிட, விழிப்பாக இருக்கும் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும்; அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், அல்லது தவறான இடத்தில் தைக்கும். காதை விறைத்து உங்கள் பக்கம் பார்க்கும் மானை விட்டுவிடுங்கள். நிதானமாக மேய்ந்தபடி பக்கவாட்டில் நிற்கும் மானுக்கே குறிவையுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது எய்த பிறகான பொறுமையை. அம்பு இரத்தப்போக்கால் கொல்கிறது. நெஞ்சில் பட்டதாகத் தோன்றினாலும் அரை மணி நேரம் பரணிலேயே இருங்கள். அம்பில் பச்சை நிறக் குடல் கசிவும் நாற்றமும் இருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டுத் தொடர்ந்தால் காயப்பட்ட மான் எழுந்து வெகுதூரம் ஓடி, எங்கோ வேதனையில் சாகும். அக்டோபர் வெப்பத்தில் இறைச்சி விரைவில் கெடும் என்பதால், கண்டெடுத்தவுடன் குடலை நீக்கிக் குளிரூட்ட ஏற்பாடு வைத்திருங்கள்.

வில் பருவத்தில் சூழலோடு ஒன்றும் உடை போதும். துப்பாக்கிப் பருவத்தில் வில்லோடு சென்றாலும் ஒளிர் ஆரஞ்சு உடை சட்டப்படி கட்டாயம். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் தனித்துத் தெரியாது. உங்கள் அசைவுதான் தெரியும். பரணில் ஏறும்போது தரையிலேயே பாதுகாப்புப் பட்டையை அணிந்து, இறங்கி முடிக்கும்வரை கழற்றாதீர்கள்.