பொலிவியாவின் லா பாஸ் நகரில் தெருக்கடைகளில் சாப்பிடலாமா?

"வெளியே எதையும் வாயில் வைக்காதே" என்று வீட்டில் பயமுறுத்தி அனுப்புகிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாகச் சாப்பிடலாம். அந்த ஊரில் தெருவில் சாப்பிடாமல் திரும்பினால்தான் நஷ்டம்.

"எல்லோருக்கும் ஒரே வயிறா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் மருத்துவன் அல்ல. நறுக்கி வைத்த பழத்தையோ குழாய்த் தண்ணீரையோ நான் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து நேராகக் கைக்கு வருவதை மட்டுமே சொல்கிறேன்.

முதலில் சால்தேன்யா. காலைப் பலகாரம், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பார்வைக்குச் சோமாசி, உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு, பட்டாணியோடு குழம்பு ததும்பும். குழம்பில் ஜெலட்டின் கலந்து ஆறவைத்து, இறுகியதும் மாவில் பொதிந்து சுடுகிறார்கள். சூட்டில் அது மறுபடி இளகிவிடுகிறது. ரொட்ரிகேஸ் சந்தைப் பக்கம் எனக்கு அதை விற்றவர், வட்டத் தொப்பியும் மடிப்புப் பாவாடையும் அணிந்த ஒரு பாட்டி. எனக்கு ஸ்பானிய மொழியில் எண்களைத் தாண்டி எதுவும் தெரியாது. அவரே ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பிடித்து, மேல்முனையைக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, "இனி நீ" என்பதுபோல் தலையசைத்தார். தொட்டுக்கொள்ள யாஹ்வா: தக்காளியும், கறுப்பு விதையுள்ள லொகோட்டோ மிளகாயும் கல்லில் அரைத்தது. நான் இன்னும் கேட்டதும் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். மிளகாய் பிறந்த கண்டத்தில் நின்று காரம் கேட்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

   

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமென்றால் சால்தேன்யா வேண்டாம், மாவிலேயே பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய ஊதாச்சோளப் பானமான ஆப்பி இருக்கிறது. குளிருக்கு அதைவிட இதமானது இல்லை. அசைவமென்றால் இரவில் அந்திகுச்சோ கடைகளைத் தேடுங்கள். மாட்டு இதயத்தைக் கம்பியில் கோத்துச் சுட்டு, வேர்க்கடலைக் காரச்சாறு ஊற்றித் தருவார்கள்.

ஊர் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் செரிமானம் மந்தமாகும், முதல் நாள் அரைவயிறு போதும். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் பெரிய நோட்டை நீட்டினால் வாங்கமாட்டார்கள்.