சாவிக்கொத்தைக் கீழே வையுங்கள்: வலிப்பு பற்றிக் கேள்வி பதில்

அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கு ஃபிட்ஸ் பற்றி மட்டும் கேளுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானத்துக்கு இன்னொரு நாள் பார்க்கலாம். யாருக்கும் மருந்தின் அளவை இங்கே மாற்றித் தர மாட்டேன். எப்படியும் பத்து முறை சொல்ல வைப்பீர்கள் என்பதால் முதலிலேயே ஒன்று: நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திண்டுக்கல்: அண்ணன் மகனுக்கு 19 வயது. திடீரென ஃபிட்ஸ் வந்தது. ஸ்கேனில் மூளையில் புழு என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம் சார், எப்படி வரும்?

எனக்குப் பிடித்த கேள்வி. சரியாக வேகாத பன்றிக்கறியில் புழுவின் இளம்பருவம் இருந்தால், சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தக் கறி வழியாக அல்ல. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அவை கழுவாத கையிலோ தண்ணீரிலோ பச்சைக் காய்கறியிலோ ஒட்டி யார் வாய்க்குள் போனாலும், குஞ்சு பொரித்து ரத்தத்தோடு மூளைக்குப் போய் உட்காரலாம். ஆக, கறி தின்றவர் ஒருவர், வலிப்பு வருவது இலைச்சோறு சாப்பிட்ட இன்னொருவருக்கு. மல்லித்தழையும் முட்டைக்கோஸும் சைவம்தான், அவை விளைந்த வயலில் யார் ஒதுங்கினார் என்று யாருக்குத் தெரியும்?

அது பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதை எதிர்த்து வீங்கும், வலிப்பு வரும். நம் ஊரில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மாதக்கணக்கில் சுருங்கிப் போகும். இது புற்றுநோய் இல்லை. ஸ்கேனில் காசநோய்க் கட்டியும் கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியும். இரண்டையும் பிரித்தறிய வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்களால் எத்தனையோ பேர் தேவையில்லாத அறுவையிலிருந்து தப்பித்தார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு துணையில்லாமல் புழுவைக் கொன்றால் வீக்கம் கூடும். கண்ணுக்குள் புழு இருந்தால் பார்வையே போகலாம். அதனால் முதலில் கண் பரிசோதனை. வலிப்பு மாத்திரை தனியாகத் தொடர வேண்டும்.

திருநெல்வேலி: ரெண்டு வருஷமா வரல. மாத்திரையை விட்டுடலாமா?

விடலாமா என்று கேட்கும் வயதுதான் இரண்டு வருடம். ஆனால் அதை முடிவு செய்பவர் உங்கள் மருத்துவர். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார். முதல் பத்தியைப் பாருங்கள்.

ஓசூர்: என் பையனுக்கு 11 வயது. தலைக்கு ஊற்றும்போது மட்டும் கண் சொருகி, ஒரு மாதிரி முழித்து, சில நேரம் விழுந்துவிடுகிறான். மற்ற நேரம் ஒன்றுமில்லை. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார்.

அம்மா, மந்திரிப்பதற்கு முன் பக்கெட்டில் கை வைத்துப் பாருங்கள். வெந்நீரா? மொண்டு மொண்டு வேகமாகத் தலையில் ஊற்றுகிறீர்களா? வெந்நீர் வலிப்பு என்றே ஒன்று உண்டு. உலகத்தில் அதிகம் பதிவானது தெற்குக் கர்நாடகத்தில், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஷவரில் குளிக்கும் நாடுகளில் இது அபூர்வம். நம் குளியல் முறையே தூண்டுகோல். சில பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் ஒரு சுகம் வரும், நிறுத்தச் சொன்னாலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதை அடம் என்று நினைத்து அடிக்காதீர்கள்.

வெதுவெதுப்பான நீரில் உடம்பை முதலில் நனைத்து, தலையைக் கடைசியில் மெதுவாக, அல்லது ஈரத்துண்டால் துடைத்து. கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது. சிலருக்குக் குளிப்பதற்கு முன் மட்டும் ஒரு மாத்திரை தருவோம். பின்னாளில் வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வரும் பிள்ளைகள் உண்டு, எனவே நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். சளிக்கு நெஞ்சில் கற்பூரம், நீலகிரித் தைலம் தடவும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை.

கோவை: அப்பாவுக்குக் கை நடுக்கம், பார்க்கின்சனா?

தலைப்பு வலிப்பு. நேரில் காட்டுங்கள்.

ஈரோடு: தங்கைக்கு வரன் பார்க்கிறோம். ஃபிட்ஸை மறைத்துக் கட்டிக்கொடுக்கலாம் என்கிறார் அப்பா. சட்டப்படி விவாகரத்து ஆகிவிடுமா?

இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த ‘வலிப்பு’ என்ற சொல்லை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஆனால் மறைத்ததையே காரணம் காட்டி வழக்குப் போடுபவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், தூக்கமில்லை, விடியற்காலை முகூர்த்தம், வெறும் வயிறு, ஓமப் புகை, பையில் எங்கோ மாத்திரை. மணமேடையிலேயே வலிப்பு வந்த பெண்களை எனக்குத் தெரியும். தூக்கம் கெடுவதும் ஒரு வேளை மாத்திரை தவறுவதும்தான் நான் பார்த்த முதல் இரண்டு காரணங்கள்.

இன்னொன்று, உங்கள் தங்கை சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தா என்று அட்டையைப் பாருங்கள். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரலாம், அறிவு வளர்ச்சியும் பாதிக்கலாம். கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசினால் மாற்று மருந்து பார்க்கலாம், ஃபோலிக் அமிலமும் தொடங்கலாம். நாள் தள்ளிப்போன பிறகு பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. முதல் பத்தி, மறுபடியும்.

விருதுநகர்: டாக்டர், எல்லாம் சரி. சாவி கொடுத்தால் நிற்கிறதே, என் கண்ணால் பார்த்தேன்.

பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். சாவியைத் தேடி, பூட்டிலிருந்து உருவி, மடங்கிய விரலைப் பிரித்துத் திணிக்க எவ்வளவு நேரமாகும்? நிற்கிற நேரத்துக்குச் சாவி வந்து சேர்கிறது, பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது.

விருதுநகர்: கொடுப்பதால் நஷ்டம் என்ன?

கையில் இருக்கும் இரும்பை வாய்க்கும் கொண்டுபோகிறீர்கள். அதுதான் நஷ்டம்.

தஞ்சாவூர்: இரும்பில் காந்த சக்தி இருக்கு. மூளையில் ஓடுவது மின்சாரம். முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை.

முன்னோர்களை நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது பாதிச் சாவிகள் பித்தளை, தம்பி. அதைக் கொடுத்தாலும் நிற்கிறதே, ஏன்?

தஞ்சாவூர்: அது நம்பிக்கை.

நினைவே இல்லாதவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

சேலம், ஆம்புலன்ஸ் ஊழியர்: பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைத்து, பல் உடைந்து மூச்சுக்குழாய்க்குள் போன கேஸை ஏற்றியிருக்கிறேன் சார். நாக்கை விழுங்கிவிடுவார் என்று சொன்னார்கள்.

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துண்டு, கழுத்துப் பட்டன் தளர்வாக. கை காலை அமுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், போனில் நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108.

மதுரை: வெங்காயம்?

சாம்பாரில் போடுங்கள்.

திருச்சி: ஃபிட்ஸ் வருகிற ஆளே நான்தான். சாவிச் சண்டையைப் படித்துச் சிரித்தேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கண் விழித்தால் கையில் யாருடைய பைக் சாவியோ. சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டுமாம், கேட்கக் கூச்சம். எனக்கு அப்போது வேண்டியது, நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவர் சொல்வதுதான். சுற்றி நாலு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீடியோவை ஒருவர் எடுத்தால் போதும், உங்கள் வீட்டார் எடுத்து மருத்துவரிடம் காட்ட. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி பரிசோதனை சரியாக இருந்தாலும் வலிப்பு இருக்கலாம், அப்போது அந்த வீடியோதான் பேசும். இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லையென்றால் அறுவை சிகிச்சை உதவுமா என்று கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995லிருந்து செய்கிறார்கள்.

நாகர்கோவில்: மாத்திரை ஒத்துக்கொண்டுவிட்டது, வருடம் ஒன்றாகிறது, நிறுத்த...

கூடாது.

ஓசூர்: டாக்டர், நான் காலையில் கேட்டவள். பால் காய்ச்சும் தெர்மாமீட்டரைப் பக்கெட்டில் வைத்தேன். 46 காட்டுகிறது.

அதேதான் அம்மா. நாளைக்கு 37க்கு மேல் வேண்டாம், தலைக்கு ஊற்றுவதையும் மருத்துவரைப் பார்க்கும்வரை தள்ளிவையுங்கள். அந்த 46ஐ ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.