காப்பு ஏன் இறுகியது?

வாசகர் கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் புற்றுநோய் என்று இடது மார்பையும் கமக்கட்டு நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) எடுத்தார்கள். மருந்து ஏற்றி, கரண்டும் (கதிர்ச் சிகிச்சை) பிடித்து முடிந்தது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் என்றுதான் அயலில் சொன்னோம். வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குக்கூடச் ‘சின்னக் கட்டி’ என்றே சொன்னோம். இப்போது அவளுக்குத் தம்பலகாமத்தில் நல்ல சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. ஆவணியில் கலியாண எழுத்து. சீதன வீட்டுக்குக் கொங்கிறீற் தட்டுப் போட்டு, நான்தான் நின்று வாளியால் தண்ணீர் விடுகிறேன். தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்களோ என்று கடைசி இரண்டு கிளினிக்குக்கும் போகவில்லை. வயது போக உடம்பும் பெருத்துவிட்டது. இடக்கைக் காப்பு இறுகித் தடம் விழுந்ததால் கழற்றி மகளின் நகையோடு வைத்துவிட்டேன். சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாமல் இந்தக் கலியாணத்தை எப்படி ஒப்பேற்றுவது?
– ஒரு தாய், திருகோணமலை

பதில்:

தங்கச்சி, மறைப்பதற்கு வழி சொல்லித்தர என்னால் முடியாது. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது சம்பந்தி வீடு அல்ல, அந்தக் காப்பு.

வயது போனால் இரண்டு கையும் அல்லவா பெருக்க வேண்டும்? நகைப் பெட்டியைத் திறந்து அதே காப்பை வலக்கையில் போட்டுப் பாருங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கைதான் இயல்பிலேயே ஒரு நூல் தடித்திருக்கும். அதில் காப்பு உழன்று, இடக்கையில் மட்டும் தடம் விழுந்தால் அது சதை போட்டதல்ல. நிணநீர் (திசுக்களில் ஊறி வடியும் நீர்) தேங்கிய வீக்கமாக இருக்கலாம். கையிலிருந்து நிணநீர் வடிந்து போகும் வழி கமக்கட்டு நெறிகள் ஊடாகத்தான். நெறிகளை எடுத்து, அந்த இடத்துக்குக் கரண்டும் பிடித்தால் மிச்சமிருக்கும் வழியும் தழும்பேறிச் சுருங்கும். மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும்.

பெருவிரலால் முன்கையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து எடுங்கள். குழி விழுந்து நின்றால் உள்ளே நீர் இருக்கிறது. இரவு கையைத் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் குறைகிறதா? குறைந்தால் இன்னும் தொடக்கம்தான், கட்டுக்குள் வைக்கலாம். தள்ளிப்போட்டால் தோல் தடித்து உள்ளே நார்போல இறுகிவிடும். அதற்குப் பிறகு குழியும் விழாது, உயர்த்தி வைத்தாலும் வற்றாது.

ஆனால் ‘இது நிணநீர்தான்’ என்று நீங்களும் நானும் முடிவு கட்டக்கூடாது. கமக்கட்டில் நோய் திரும்பி வந்தாலும் கை வீங்கும். இரத்தக் குழாயில் இரத்தம் கட்டினாலும் வீங்கும். நோய் திரும்பாமல் இருக்கத் தரும் தமொக்சிபென் குளிசை குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து சற்றுக் கூட. கை திடீரென்று வீங்கி வலித்தாலோ, நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் பிரித்தறியக்கூடிய இடத்துக்குத்தான் நீங்கள் இரண்டு தவணை போகாமல் விட்டீர்கள். கிளினிக்கில் தரும் குளிசை அடுத்த தவணை வரைக்கும் கணக்குப் பண்ணியே தருவது. நீங்கள் தமொக்சிபென் எடுப்பவரானால் இத்தனை நாளும் எதைக் குடித்தீர்கள்? வழக்கமான அளவு நாளுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்து வருடம். இடையில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். விட்டதற்கு ஈடாக இரண்டு மடங்கு போடவும் கூடாது. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே போங்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

வைத்தியர் பார்த்து நிணநீர் வீக்கம் என்று சொன்னால் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே முதலில் பல அடுக்காகக் கட்டுப் போட்டு வீக்கத்தைக் குறைப்பார்கள். குறைந்த பிறகுதான் கைக்கு அளவெடுத்து அழுத்த உறை. அதைக் காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். கடையில் வாங்கும் கிரேப் பண்டேஜை நீங்களே இறுக்கிச் சுற்றினால் மேலே நெரித்துக் கீழே விரல்கள் வீங்கும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவ விடாதீர்கள். இதற்குரிய தடவல் தோலை மட்டும் மெல்ல இழுத்து விடுவது. அதுவும் வீங்கிய கையில் தொடங்காது, கழுத்திலும் மற்றக் கமக்கட்டிலும் தொடங்கும். நீர் போகும் குளிசை இதற்கு வேலை செய்யாது. கன்னியா வெந்நீரில் கையை ஊற வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சூடு கைக்கு இரத்தத்தை இழுத்து வீக்கத்தைக் கூட்டும்.

தோலைக் காப்பாற்றுங்கள். மீன் வெட்டும்போது கையுறை போடுங்கள். முள்ளுக் குத்தினால், நுளம்பு கடித்துச் சொறிந்தால், உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமி ஏறியது. பனடோல் போட்டுப் பொறுத்திருக்காமல் அன்றைக்கே அன்டிபயோட்டிக் தொடங்க வேண்டும்.

இனி அந்த வாளி. பத்து லீற்றர் வாளி நிறைந்தால் பத்துக் கிலோ. கொங்கிறீற் தட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயவிடக்கூடாது என்பது சரிதான். அதற்கு இந்தக் கையா? கையை முழுக்கச் சும்மா வைத்திருக்கச் சொல்லவில்லை. தசை அசைந்தால்தான் நீர் நகரும். பாரத்தையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஒரேயடியாக வாளி வாளியாகத் தூக்குவதுதான் பிழை. தட்டில் சாக்கை விரித்து நனைத்துவிட்டால் தண்ணீரும் குறைவாகத்தான் வேண்டும். கடிதத்தில் ‘சொன்னோம்’, ‘சொன்னோம்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் விடும் இடத்தில் மட்டும் ‘நான்’. பொய் சொல்ல இரண்டு பேர், வாளி தூக்க ஒரு ஆளா? இன்றைக்கே உங்கள் வீட்டுக்காரரின் கையில் அதைக் கொடுங்கள்.

மகளுக்குச் சொல்லாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. வீடு கொடுக்கிறீர்கள், நகை கொடுக்கிறீர்கள். அவளுடைய உடம்புக்கு உரிய செய்தியை மட்டும் ஒளித்து வைக்கிறீர்கள். நாளைக்கு ஒரு வைத்தியர் ‘அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் இருந்ததா?’ என்று கேட்டால் அவள் உண்மை தெரியாமலே ‘இல்லை’ என்பாள். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் இது நேரடியாகப் பரம்பரை மரபணுவால் வருகிறது. அவள் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் தாய்க்கு 44 வயதில் வந்திருந்தால் மகள் ஒரு பத்து வருடம் முன்னதாக, 34 அளவிலாவது, பரிசோதனை பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். மார்பில் கட்டி, தோலில் குழி, காம்பில் கசிவு என்று எதைக் கண்டாலும் வயது பார்க்காமல் காட்ட வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள், காசும் இல்லை. உங்கள் அக்காவுக்கும் இது பொருந்தும்.

சம்பந்தி வீட்டுக்கு மகள்தான் சொல்ல வேண்டும், அல்லது அவள் சம்மதத்தோடு தகப்பன் போய்ச் சொல்ல வேண்டும், எழுத்துக்கு முன்னர். சம்பந்தம் முறியாது என்று நான் சொல்லமாட்டேன். முறியலாம். எழுத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் வாயால் தெரிந்து, அந்த வீட்டில் உங்கள் பிள்ளை தலைகுனிந்து நிற்பதைவிட இப்போது முறிவது மேல்.

இன்றிரவு தையல் டேப் ஒன்றை எடுங்கள். மணிக்கட்டில் ஒரு புள்ளி, அங்கிருந்து பத்துப் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒவ்வொரு புள்ளியாகக் கமக்கட்டு வரை. இரண்டு கையிலும் அளந்து, திகதி போட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தால் அதை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒற்றைக் கையால் டேப்பைச் சுற்றினால் சரியும், அளவு பிழைக்கும். மகளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏன் அளக்கிறோம் என்று அவள் கேட்பாள்.