பதில்: கார் கதவுல மோதி விழுந்து மூணு வாரம், மணிக்கட்டு வலி போகல

ப்ரோ, சைக்கிள்ல போறப்போ நிக்கற காரோட கதவுல மோதி கைய ஊனி விழுந்திருக்கீங்க, அன்னிக்கு எடுத்த எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க, இன்னும் கட்டைவிரல் அடில அமுக்கினா வலிக்குதுன்னா தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க, நேரா ஆர்த்தோ டாக்டர்கிட்ட (எலும்பு டாக்டர்) போங்க. அங்க ஸ்கேஃபாய்டுன்னு முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு குட்டி எலும்பு, அதுல விழற கீறல் முதல் எக்ஸ்ரேல சில நேரம் தெரியாது, 10-14 நாள் கழிச்சு திரும்ப எடுத்தா இல்ல எம்ஆர்ஐ பார்த்தாதான் தெரியும். ரத்த ஓட்டம் கம்மியான எலும்பு வேற, கவனிக்காம விட்டா ஒட்டாமலே போயிடலாம், அப்புறம் ஆபரேஷன், ஸ்க்ரூன்னு இழுக்கும். நாட்டுக்கட்டு போட்டா போதும்னு வீட்ல சொல்வாங்க, முதல்ல ஸ்கேன், மத்ததெல்லாம் அப்புறம்.

ஹெல்மெட் தரைல அடிபட்டிருந்தா தூக்கிப் போடுங்க, வெளிய நல்லாத்தான் தெரியும், உள்ள ஃபோம் நசுங்கியிருக்கும்.

கார்க்காரர் ஐயாயிரம் தரேன் முடிச்சுக்கலாம்னு சொல்றாருன்னு எழுதியிருந்தீங்க, ஸ்கேன் ரிசல்ட் வராம எதுலயும் கையெழுத்து போடாதீங்க. சைக்கிள்காரருக்கும் காரோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல (கார் மோதி அடிபட்ட மத்தவங்களுக்கு நஷ்டஈடு தர்றது) க்ளெய்ம் உண்டு, எஃப்ஐஆர் இருந்தா நல்லது, பில் எல்லாம் பத்திரமா வைங்க.

திரும்ப ஓட்ட பயமா இருக்கறது சகஜம்தான். டாக்டர் ஓகே சொன்னப்புறம் காலைல காலி ரோட்ல ஆரம்பிங்க, நிக்கற காரை விட்டு ஒரு கதவு அகலம் தள்ளியே போங்க, பின்னாடி ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும்.