சந்தேகத்தோடு ஜெபிக்கலாமா?

தங்கச்சி, அப்பாவின் நோய் தீராததால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை, இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள். முதல் 2 வசனங்களில் 4 தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூடத் துதி இல்லை. அதுவும் வேதம்தானே!

அம்மாவுக்குக் கொழுந்து குறைந்து அரைப் பேர் (பாதி நாள் சம்பளம்) விழுந்த அன்று, "ஆண்டவரே, கோபமா இருக்கு, நீர் கேட்கிறீரா என்றே தெரியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். போதகர் பேசும் தமிழெல்லாம் வேண்டாம். கூட்டத்தில் முடியாவிட்டால் ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோரம் முணுமுணுத்தாலும் சரி.

மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று அழுதார். இயேசு அவரைத் திட்டவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். அப்பாவுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி கிளினிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.