மூன்று வயது மகளை முதல் முறையாகப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். எப்படித் தயார்செய்வது?

முதலில், "வலிக்காது, பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். வலியை நினைக்காத பிள்ளைக்கு நாமே நினைவூட்டுகிறோம். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் போதும். சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள்.

இரண்டு நாள் முன்பிருந்தே விளையாடிப் பாருங்கள். மடியில் சாய்த்து, ஸ்பூன் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுங்கள். பால் பற்கள் மொத்தம் 20. மூன்று வயதில் பெரும்பாலும் எல்லாம் வந்திருக்கும். அப்புறம் அவள் டாக்டராகட்டும், நீங்கள் வாயைத் திறங்கள். என் மகள் கரடிப் பொம்மைக்கும் பல் எண்ணினாள்.

காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். தூக்கம் வரும் நேரம் வேண்டாம். நாற்காலிக்கு மறுத்தால் உங்கள் மடியில் வைத்தே பார்க்கச் சொல்லலாம்.